மூடியைத் திறந்தால் பறக்காதவை

மார்ச் 3

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நீ அனுப்பிய பிஸ்கட் டப்பா நேற்றுக் காலை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். நாலு மாதமாக நீ போனை எடுக்கவில்லை. உன்னிடமிருந்து ஏதாவது வந்தால் போதும் என்றிருந்தேன். அது புழுவாக இருந்தாலும் சரி.

டப்பா என் கைக்கு வருவதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் மேலே உள்ள படத்தை நம்பி, "அக்கா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்" என்று போனில் என்னிடம் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்திருக்கிறாள். அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து துறைத் தலைவரே இறங்கி வந்துவிட்டார்.

மூடிக்குள் நீ ஒட்டியிருந்த சீட்டை எல்லோருமாகப் படித்தோம். "உங்க பிள்ளைங்க நாற்பது பேரையும் அனுப்பியிருக்கேன். நீங்களே வளர்த்துக்கோங்க." நீ அனுப்பியது நாற்பது, எனக்கு வந்தது ஒன்பது. வழியில் பஸ் தாமதமாகி, தீனி தீர்ந்து, ஒன்றையொன்று தின்றுவிட்டன. படைப்புழுவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. நம் மாமியார் நம்மைப் பற்றிச் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. "ரெண்டு மருமகளையும் ஒரே அடுப்படியில விட்டா, சாயங்காலம் ஒருத்திதான் வெளியே வருவா."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன பருவத்தில் உன்னிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். முதலாவது, விதைப்புக்கு முன்னால். "பயப்படாதே, எங்க கணக்குப்படி படைப்புழுவோட அந்துப்பூச்சி உங்க பள்ளத்தாக்கு வரைக்கும் பறக்காது." நீ அதை நம்பிப் பொறி வைக்கவில்லை, குருத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. மக்காச்சோளத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன்.

இரண்டாவது, பயிர் போன பிறகு எல்லோர் முன்னாலும் உன் வீட்டுக்காரரைக் காட்டிச் சொன்னது. "அப்படின்னா தம்பி லாரியில ஏறித்தான் வந்திருக்கும்." அதைச் சொன்ன விதம் தப்பு. ஆனால் அந்தச் சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி லோடு ஏற்றும் சமவெளியிலிருந்து உங்கள் பள்ளத்தாக்கு நூற்றிருபது கிலோமீட்டர். எங்கள் பூச்சி காற்றின் துணையோடு போனாலும் ஐம்பதைத் தாண்டாது. பதினோரு வருஷமாக நானே பறக்கவிட்டு அளந்த எண் அது. பறந்து வர முடியாதென்றால் வேறு எப்படித்தான் வந்திருக்கும், நீயே சொல்.

ஒன்பதையும் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையில் வைத்திருக்கிறேன். வெளிப் பூச்சியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவரக்கூடாது, நோய் தொற்றும் என்பது இங்கே சட்டம். ஆனாலும் வீசியெறிய மனம் வரவில்லை, நீ அனுப்பியதாயிற்றே.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் திட்டி அனுப்பியதற்கு நன்றி சொல்லும் ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். என் கோபத்தைக் கூட ஒழுங்காகக் கோபமாக இருக்க விடமாட்டீர்கள்.

போனில் பேசமாட்டேன். போன் என்றால் கத்திவிடுவேன். காகிதத்தில் கத்த முடியாது, கை வலிக்கும். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கும் மன்னிப்பில் முதலாவது எனக்குத் தேவையில்லை. பயிர் போவது புதிதல்ல. மழை கெடுத்திருக்கிறது, பன்றி கெடுத்திருக்கிறது, இந்தத் தடவை உங்கள் கணக்கு கெடுத்தது. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். இரண்டாவது வார்த்தைதான் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதுதான்.

உங்கள் கொழுந்தனார் உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிகிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக லாரியைத் தெருமுனைக் குழாயடியில் நிறுத்திக் கழுவுகிறார். தார்ப்பாயை உதறி, அடிப்பலகை இடுக்கில் எல்லாம் கம்பியை விட்டு நோண்டி, சட்டையைக்கூட அங்கேயே கழற்றி அலசிவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறார். இரண்டு மணி நேரம். அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். "புது மாப்பிள்ளை லாரி மாதிரி பளபளன்னு இருக்கே" என்கிறார்கள். அவர் மறுபடி வாளியை நிரப்புகிறார்.

போன வாரம் ஒரு நாள் சொன்னார். "அண்ணி படிச்சவங்க. பூச்சியோடயே இருக்கறவங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் பூச்சியை ஏத்திட்டு வந்து உன் பயிரைக் கெடுத்தேன். ஊர்ப் பயிரையும் சேர்த்து." அதற்குப் பிறகு பக்கத்து வயல்காரரிடம் பேசிவிட்டு வந்துவிட்டார். ஜூன் விதைப்பிலிருந்து நிலம் அந்த வயல்காரர் கைக்குப் போகிறது. நாங்கள் நகரத்துக்கு வந்துவிட வேண்டுமாம். நான் இதே நிலத்தில் பதினாறு விதைப்பு விதைத்தவள். இனி நகரத்தில் மொட்டைமாடித் தொட்டியில் எதையாவது வளர்ப்பேனோ என்னவோ.

நான் சண்டை போட்டுப் பார்த்தேன். குற்றம் செய்தவன் போல நிற்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

இதெல்லாம் உங்களைக் குத்த எழுதவில்லை. கொஞ்சம் குத்தவும்தான்.

சின்னவள்

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன் மச்சாண்டாரிடம் படித்துக் காட்டினேன். செய்தித்தாளைக் கீழே வைத்தார், அதுவே பெரிது. "உன் வாய் இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

இப்போது எழுதக் காரணம் வேறு. உன் ஒன்பது புழுவும் கூடு கட்டி, எட்டு அந்துப்பூச்சி வந்தது. ஐந்து பெண், மூன்று ஆண்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கல்யாணமான புதிதில் கேட்டாய். "பூச்சியை ராட்டினம் சுற்ற வைக்கிறேன்" என்றேன், நீ கேலி என்று நினைத்தாய். கேலி இல்லை. பூச்சியைக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்து அசையாமல் செய்து, முதுகு முடியைச் சிறு தூரிகையால் தள்ளிவிட்டு, ஊசிமுனை அளவு பசை வைத்து ஒரு மெல்லிய கம்பியில் ஒட்டுவோம். கம்பியின் மறுமுனை ஓர் அச்சில் இருக்கும். பூச்சி தான் நேராகப் பறப்பதாக நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். ஒரு சுற்று ஒரு மீட்டர். பக்கத்தில் இருக்கும் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். அவை இருட்டில் பறப்பவை, எங்களுக்கோ பகலில்தான் வேலை. அதனால் அந்த அறையில் காலை எட்டு மணிக்கு விளக்கை அணைத்து இரவாக்கிவிடுவோம்.

எங்கள் கூடத்துப் பூச்சி பதினெட்டுக் கிலோமீட்டர் சுற்றும். பிறகு சிறகை மடித்துக்கொண்டு கம்பியில் தொங்கும். மறுநாள் ஏற்றினால் அசையவே அசையாது. அந்தப் பதினெட்டோடு காற்றின் வேகத்தைச் சேர்த்துத்தான் ஐம்பது என்று எச்சரிக்கைக் கோடு போடுகிறோம்.

திங்கட்கிழமை எல்லோரும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். உன் பூச்சியில் ஒரு பெண்ணை ராட்டினத்தில் ஏற்றினேன். ஏன் ஏற்றினேன் என்று கேட்காதே. உன் கடிதம் பையிலேயே இருந்தது.

மாலையில் விளக்கைப் போட்டபோது பெட்டியில் ஐம்பத்தேழு கிலோமீட்டர் என்றிருந்தது. அது இன்னும் பறந்துகொண்டிருந்தது.

பெட்டி கெட்டுவிட்டது என்று வேறு பெட்டி மாற்றினேன். மறுநாள் அதே பூச்சியை ஏற்றினேன். நாற்பத்தொன்பது. இன்னொரு பெண்ணை ஏற்றினேன். அறுபத்திரண்டு. அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து மூன்று எண்ணையும் குறித்துக்கொண்டேன்.

தலைவரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். "எட்டுப் பூச்சியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். சரியாகத்தான் சொன்னார். எட்டு போதாது. எனக்குக் குறைந்தது ஐம்பது வேண்டும். தம்பியிடம் கேட்க எனக்கு வாயில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன். அனுப்புவாயா? தனித்தனியாக, சின்னவளே. டப்பாவில் போர்க்களம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல். போன பருவத்தில் உங்கள் பள்ளத்தாக்கில் முதலில் எந்த வயலில் கண்டது? உன் வயலில்தானா?

அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

அறுபத்திரண்டு புழு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு மாத்திரைக் குப்பியில். மருந்துக்கடைக்காரர் காலிக் குப்பிகளை அள்ளிக் கொடுத்துவிட்டு, "வீட்ல யாருக்கு இவ்வளவு நோய்?" என்று கேட்டார். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருக்கிறேன். தீனிக்கு இலை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சீட்டு ஒட்டவில்லை.

கிணற்றுப் பக்கம் மாட்டுக்கென்று போட்டிருந்த துண்டு மக்காச்சோளத்தில்தான் இவை இருந்தன. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்குள் சுருண்டு கிடக்கும் துரை. கரண்டியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். "என்ன பண்றே?" என்றார். சொன்னேன். ஐம்பத்தேழு கிலோமீட்டரையும் சொன்னேன். வீட்டுக்குள் போய் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். அறுபத்திரண்டில் முப்பத்தெட்டு அவர் எடுத்தது. மீதம் இருந்ததோடு அந்தத் துண்டை அன்றைக்கே உழுது போட்டுவிட்டோம்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் யோசித்ததே இல்லை. ஊரில் கேட்டுப் பார்த்தேன். என் வயலில் நான் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு நாலு நாள் முன்பே மேற்கு மலைச்சரிவில் ஆட்டுக்காரர் போட்டிருந்த மக்காச்சோளத்தில் இலையெல்லாம் சல்லடையாகக் கிடந்ததாம். "வெட்டுக்கிளின்னு நினைச்சேம்மா" என்றார். அக்கா, அந்த இடத்துக்கு லாரி போகாது. சைக்கிள் போகாது. ஆட்டுக்கே மூச்சு வாங்கும்.

இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால் மனைவி ஆறுதல் சொல்கிறாள் என்று நினைப்பார். நீங்கள் சொல்ல வேண்டும், அதுவும் உறுதியாகத் தெரிந்த பிறகு. என்னைச் சமாதானப்படுத்த ஒன்றும் எழுத வேண்டாம். லாரிதான் என்று வந்தால் லாரிதான் என்றே எழுதுங்கள்.

நிலத்தை ஒப்படைக்க ஜூன் முதல் தேதி என்று பேச்சு. அதற்குள் முடியுமா?

சின்னவள்

மே 6

சின்னவளுக்கு,

உறுதியாகத் தெரிந்துவிட்டது. லாரி இல்லை.

நீ அனுப்பியதில் ஐம்பத்தொரு பூச்சி ராட்டினம் ஏறியது. ஐம்பதுக்குக் கீழே பறந்தவை ஒன்பதுதான். முட்டை வைக்காத இளம் பெண் பூச்சிகள் மூன்று நாள் அடுத்தடுத்து ஏற்றினாலும் பறந்தன. காற்று சேர்ந்தால் நூற்றிருபது கிலோமீட்டர் அவற்றுக்கு ஒரே இரவுப் பயணம். சமவெளியில் அறுவடை முடிந்து தீனி அற்றுப்போனதும் கிளம்பி, மேற்குக் காற்றில் ஏறி, மலையைத் தாண்டி, முதலில் ஆட்டுக்காரரின் சரிவில் இறங்கியிருக்கின்றன. நீ விசாரித்து எழுதிய அந்த நாலு நாள் கணக்கைத் தலைவர் இரண்டு முறை படித்தார். அதற்குப் பிறகு ஒத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ஒரே பூச்சி, ஒரே ராட்டினம். எங்கள் கூடத்துப் பூச்சி மட்டும் ஏன் பதினெட்டோடு நின்றுவிடுகிறது? எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எனக்கு விடை ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த ஒரு வாரத்துக்காகவும் என்னை மன்னித்துக்கொள்.

தப்பு என்னுடையது. மாதம் ஒரு தலைமுறை பூச்சி வளர்ப்போம். வெளிவந்த பூச்சிகள் உள்ள ஜாடியின் மூடியைத் திறந்து, அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனாக இருபது ஜோடி எடுக்க வேண்டும். எடுப்பவள் நான். மூடியைத் திறந்ததும் சில விருட்டென்று பறந்து போய்விடும். அவற்றைத் துரத்திக்கொண்டு யார் ஓடுவது? ஜன்னலோரப் பொறியில் விழுந்து செத்துப்போகும். சமர்த்தாக உட்கார்ந்திருப்பவற்றை இரண்டு விரலால் எடுத்துக் கூண்டில் விடுவேன். பதினோரு வருஷம், நூற்று முப்பது தலைமுறை. ஒவ்வொன்றிலும் பறக்கத் தெரிந்ததைச் சாகவிட்டு, உட்காரத் தெரிந்ததைப் பெற்றோராக்கியிருக்கிறேன். நாங்கள் அளந்துகொண்டிருந்தது படைப்புழுவின் பறக்கும் தூரத்தை அல்ல, என் சோம்பேறிப் பிள்ளைகளின் தூரத்தை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவை நாற்பது வரை பறந்ததாகப் பழைய பதிவில் இருக்கிறது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாங்கள் ராட்டினத்தின் அச்சு தேய்கிறது என்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம்.

இதில் என்ன வேடிக்கை தெரியுமா? எனக்கு இங்கே இருந்த பெயரே அதற்காகத்தான். புதிதாக வருபவர்களிடம் காட்டுவார்கள். "அக்கா கையில பூச்சி பொம்மை மாதிரி உக்காரும், பாருங்க." எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். உன் வீட்டு விசேஷத்துக்கு வந்தபோதுகூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கலாம். "வெளிப் பூச்சி வேறு ரகமாக இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு வாரம் அந்த வரியைத்தான் மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன். பிறகு தம்பி குழாயடியில் சட்டையை அலசுவது கண்ணுக்கு முன் வந்தது. போய்ச் சொல்லிவிட்டேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஐம்பது என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். புதிய கோட்டுக்குள் உங்கள் பள்ளத்தாக்கு முழுக்க வருகிறது. என்னை ராட்டினத்திலிருந்து எடுத்துக் குப்பி கழுவும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். தலைவர் குரல் உயர்த்தவில்லை. "கொஞ்ச நாளைக்கும்மா" என்றார். எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை.

சின்னவளே, உன் டப்பா வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் பதினோரு வருஷம் அதே மூடியைத் திறந்துகொண்டிருப்பேன். இன்னும் எத்தனை வயலுக்கு "வராது" என்று சொல்லியிருப்பேனோ. என்னைத் திட்டுவதற்கு நீ பட்ட அந்தச் சிரமத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கூடவே ஒரு சிறு தாள் வைத்திருக்கிறேன். அதைத் தம்பிக்குப் படித்துக் காட்டு. அவருக்குக் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், படிக்கமாட்டார்.

அக்கா

(உள்ளே இருந்த தாள்)

தம்பி, உங்கள் லாரியில் எதுவும் வரவில்லை. அது தானாகப் பறந்து வந்தது. எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல எல்லோர் முன்னாலும் உங்கள் மேல் சொன்னேன். அந்தச் சொல் பொய். சொன்னவள் நான், தப்பு செய்தவளும் நான். நிலத்தை விட்டுவிடாதீர்கள். அண்ணி.

மே 19

அக்காவுக்கு,

சனிக்கிழமை படித்துக் காட்டினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவர் லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது இரண்டு கால் மட்டும். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதலில் பெரிய கடிதத்தையும் பிறகு சிறு தாளையும் படித்தேன். ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு உள்ளேயிருந்து, "அந்த முதல் வரியை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. அழுதாரா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கேட்டதைச் சொல்கிறேன். "அண்ணிக்கு வேலை போயிடுமா?"

"குப்பி கழுவுற இடத்துக்கு மாத்தியிருக்காங்களாம்" என்றேன்.

"எதுக்கு இதையெல்லாம் வெளியில சொன்னாங்க? லாரின்னே இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு என்ன, நான் கழுவிக்கிட்டுத்தானே இருந்தேன்."

அக்கா, பதினாறு வருஷமாக இவரோடு குடும்பம் நடத்துகிறேன். இவர் இப்படிப்பட்டவர் என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. அதை எனக்குக் காட்டியதற்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இத்தனை நாள் உங்கள் மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இடம் காலி.

மறுநாள் இருவருமாகப் பக்கத்து வயல்காரரிடம் போனோம். நிலம் கைக்கு வரப்போகிறது என்று அவர் ஏற்கெனவே எரு அடித்துப் பரப்பிவிட்டிருந்தார். உங்கள் கொழுந்தனார்தான் பேசினார். வயல்காரர் கேட்டுவிட்டு, "எரு போட்டாச்சு, அதை இனி அள்ள முடியுமா? உங்க பயிரே தின்னட்டும். அடுத்த வருஷம் எனக்கு நீங்க போடுங்க" என்று சொல்லி டீ போடச் சொன்னார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் முதல் வாரம் விதைக்கிறோம். ஆனால் ஒன்று. இந்தத் தடவையும் பயிர் போனால் நிலத்தை வைத்துக்கொள்ள எங்களால் முடியாது, அது நிச்சயம். அதனால் "பயப்படாதே" என்று மட்டும் எழுதாதீர்கள். எப்போது பயப்பட வேண்டும் என்று எழுதுங்கள்.

சின்னவள்

ஜூன் 24

சின்னவளுக்கு,

இப்போது பயப்படு.

சமவெளிப் பொறிகளில் போன வாரம் நாளுக்கு இருபது இருந்தது. நேற்று முந்நூறு. மேற்குக் காற்று எழுந்துவிட்டது. உங்கள் பள்ளத்தாக்கின் பெயரைப் போட்டே வெள்ளிக்கிழமை எச்சரிக்கை வரும். அதுவரை காத்திராதே. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

இதைக் குப்பி கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன், தாள் ஈரமாகியிருந்தால் பொறுத்துக்கொள். பொறி எண்ணிக்கையை இப்போது யாரும் என்னிடம் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ராட்டினத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் தினமும் குப்பியைக் கொடுக்க வரும்போது சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கும் நன்றி.

செய்ய வேண்டியது இதுதான். வாளிப் பொறியை வயலின் மேற்கு ஓரத்தில் வை, தினமும் விடிந்ததும் எண்ணு. பெண் பூச்சி வயிற்றில் முட்டை கனப்பதற்கு முன்னால்தான் தூரம் பறக்கும். கனத்துவிட்டால் இறங்கிய இடம்தான் அதற்கு ஊர். அதனால் பொறியில் திடீரென்று கூடினால், இரண்டு மூன்று நாளில் முட்டை வரும் என்று அர்த்தம். இலையின் அடிப்பக்கம் பார். சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தினதுபோல ஒரு சிறு குவியல், ஒவ்வொன்றிலும் நூறு நூற்றைம்பது முட்டை. விரலால் நசுக்கு. மருந்தெல்லாம் பிறகு. அந்த மூன்று நாள் விரலுக்கு ஈடான மருந்து எதுவும் இல்லை.

உன் வயலை மட்டும் பார்த்துப் பயனில்லை. பள்ளத்தாக்கு முழுக்க நடக்க வேண்டும். அவர்களை எப்படி நம்ப வைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. என் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இத்தனை வருஷம் கண்ணாடிக்கு உள்ளே இருந்துதான் பூச்சியைப் பார்த்தேன். நீ வெளியே நிற்கிறாய். இந்த முறை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா

அக்டோபர் 9

அக்காவுக்கு,

இடையில் போனில் நாலு வார்த்தை பேசினோம்தான். ஆனாலும் முழுசாக எழுதுவது இன்றைக்குத்தான். அறுவடை முடியும் வரை ஒன்றும் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

உங்கள் தபால் வந்த மறுநாள் காலை பொறியில் இரண்டு. அதற்கு அடுத்த நாள் விடிந்து பார்த்தால் நாற்பத்தொன்று. வாளியைத் தூக்கிக்கொண்டே வீடு வீடாகப் போனேன். நீங்கள் சொன்னபடியே சிரித்தார்கள். "போன தடவை வராதுன்னு சொன்னதும் உங்க அக்காதானே?" என்று கேட்டார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஆமா, அதே அக்காதான். தப்புன்னு தெரிஞ்சதும் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டு இன்னைக்குக் குப்பி கழுவறாங்க. அப்படிப்பட்டவங்க வரும்னா வரும்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆட்டுக்காரர் முதலில் எழுந்தார்.

ஆறு நாள் நடந்தோம். காலையில் ஒரு நடை, வெயில் சாய்ந்ததும் ஒரு நடை. வரிசைக்கு ஒருவர், குனிந்து குனிந்து இலையைப் புரட்டி. பள்ளிக்கூட ஆசிரியை விடுப்புப் போட்டு வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, "இப்பத்தான் தெரியுது உங்க வீட்டு நோய்" என்றார். எரு கொடுத்தவர் தன் வயலை முடித்துவிட்டு என் வயலுக்குள் இறங்கினார். எங்கள் விரல் நுனியெல்லாம் பச்சையாகி, சோப்புப் போட்டாலும் போகவில்லை. இருந்தும் புழு வந்தது. வராமல் இல்லை. ஆனால் ஏழு செடிக்கு ஒன்று போனது, ஆறு நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நிலம் எங்களுடையதாகவே இருக்கிறது.

அறுவடை அன்று வரப்பில் உட்கார்ந்து யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் எல்லாம் உங்களிடம்தான் வந்து நிற்கிறது, அக்கா. தப்பு செய்யாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால் எனக்கு என்ன ஆயிற்று? நீங்கள் வாய் திறந்ததால்தான் இந்த ஆறு செடியும் நிற்கிறது. இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. அதனால் காகிதத்தில் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் தபால் முத்திரை இல்லை என்று பார்த்திருப்பீர்கள். கொண்டுவந்தவர் உங்கள் கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிட்டு, லாரிக்குள் போய் உட்கார்ந்திருப்பார். பின்னால் இருப்பது எங்கள் மக்காச்சோளம், சந்தைக்குப் போகிற முதல் லோடு. "அண்ணி படிச்சு முடிச்சதும் கிளம்பிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். உங்கள் வாசலில் அந்த லாரி நின்று ஒரு வருஷம் ஆகிறது. அவராக இறங்கி வரமாட்டார். இனி படிக்க ஒன்றுமில்லை அக்கா, போய் அவரை உள்ளே கூப்பிடுங்கள்.

சின்னவள்